இடது பக்கமிருந்து கூப்பிட்டாள்

கோபித்துக்கொள்ளாமல் கேட்க வேண்டிய என் மாப்பிள்ளை முனிராஜுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க வாய் வரவில்லை. நான் நலமாக இல்லை. நீ நலமா என்று கேட்பதற்கு நீயே இல்லை. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். நாளைக் காலை கிருஷ்ணகிரியில் காது டாக்டரைப் பார்க்கப் போகிறேன். சிரிக்காதே. காது இரைகிறது என்று டாக்டரிடம் போகிற முதல் ஆள் தகடு அடிக்கிற நம் பிரஸ் லைனில் நானாகத்தான் இருப்பேன்.

நீ இருந்திருந்தால், "ஏனூ ஆகல்ல மச்சான்" என்று தோளில் ஒரு தட்டுத் தட்டியிருப்பாய். ஒன்றும் ஆகாது. ஆனேக்கல்லிலிருந்து வந்து போய்க்கொண்டிருந்த நம் பழைய ஃபோர்மேனிடம் நீ பிடித்துக்கொண்ட கன்னடம் அவ்வளவுதான். தகடு கிழித்து உள்ளங்கையில் தையல் போட்டபோதும் அதையே சொன்னாய். உன் கல்யாணத்தன்று மழை கொட்டிப் பந்தல் சரிந்தபோதும் அதையே சொன்னாய். இப்போது அந்த வார்த்தையை யார் சொன்னாலும் எனக்கு எரிச்சல் வருகிறது. ஆவதற்கு இனி என்ன மிச்சம் இருக்கிறது?

சத்தம் நிற்கவே இல்லை, மாப்ள. முன்பெல்லாம் ஷிஃப்ட் முடிந்து, குளித்து, சாப்பிட்டுப் படுத்தால் காலையில் அடங்கியிருக்கும். இப்போது ஞாயிற்றுக்கிழமையும் அடங்குவதில்லை. பொங்கலுக்குக் கம்பெனி மூடியிருந்தபோது வீட்டில் உட்கார்ந்து காத்திருந்து பார்த்தேன். மிஷின் எல்லாம் நின்றுவிட்டது, என் காது மட்டும் ஓவர்டைம் பார்த்தது. வலது காதில் கொஞ்சம், இடது காதில் முழுசாக.

செல்விதான் பிடிவாதமாக டாக்டருக்கு ஏற்பாடு செய்தாள். என் பெண்டாட்டியின் பொறுமை எவ்வளவு என்று உனக்குத் தெரியும். குக்கரில் பருப்பு வைத்துவிட்டு, விசில் வந்ததும் அடுப்பை அணைக்கச் சொல்லி மாடிக்குத் துணி காயப்போடப் போனாள். எனக்கு எந்த விசில் குக்கருடையது, எந்த விசில் என்னுடையது என்று தெரியவில்லை. பருப்பு கரிந்து வீடெல்லாம் புகை. அவள் திட்டவில்லை. கரிந்த குக்கரைத் தேய்த்துக்கொண்டே அழுதாள். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

ஊரில் சொல்லாத வைத்தியம் இல்லை. பூண்டைத் தட்டி எண்ணெயில் காய்ச்சி ஊற்று என்றார்கள், வெங்காயச் சாறு என்றார்கள். குந்தாரப்பள்ளி சந்தைக்கு மாடு பார்க்கப் போன என் பெரியப்பா, மாட்டுக் காதுக்கு விடுகிற ஒரு எண்ணெயை வாங்கிக்கொண்டு நேராக வீட்டுக்கே வந்துவிட்டார். மாட்டுக்குக் கேட்பது மனுஷனுக்குக் கேட்காதா என்று அவர் வாதம். அந்தப் பாட்டில் இன்னும் ஜன்னல் மேல் இருக்கிறது. பெயிண்ட் ஷாப்பில் இருக்கும் சேலத்துக்காரர் மட்டும்தான் உண்மையைச் சொன்னார். அவர் போன வருஷமே ஒரு டாக்டரைப் பார்த்திருக்கிறார். நரம்பு போனது போனதுதான், பழகிக்கொள்ளுங்கள், தூங்கும்போது ஃபேனைச் சத்தமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்களாம். ஃபேனுக்காகக் கிருஷ்ணகிரி வரைக்கும் போக வேண்டுமா என்று நான் செல்வியிடம் கேட்டேன். போய்த்தான் ஆக வேண்டும் என்றாள்.

இப்போது நீ தெரிந்துகொள்ள வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன்.

கிளினிக்கில் போனை எடுத்த பெண் நல்ல மாதிரி. செல்வியிடம், வரும்போது காதில் எண்ணெய் கிண்ணெய் விட்டு வராதீர்கள், பட்ஸ் போட்டுக் குடையாதீர்கள் என்று சொல்லிவிட்டு, டாக்டர் என்னவெல்லாம் கேட்பார் என்பதையும் சொல்லியிருக்கிறாள். எப்போதிலிருந்து, எந்தக் காது, எந்த மாதிரி சத்தம், என்ன வேலை, பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் எவ்வளவு தூரம் வரைக்கும் கேட்கிறது. இதையெல்லாம் வீட்டிலேயே யோசித்துவிட்டு வந்தால், அங்கே வந்து முழிக்க வேண்டாம் என்றாளாம்.

அன்றைக்குச் சாயங்காலம் செல்வி அவரைக்காய் ஆய்ந்துகொண்டே என்னை விசாரித்தாள். எந்த மாதிரி சத்தம் என்றாள். பிரஸ்ஸுக்குப் போகிற காத்துக் குழாயில் ஓட்டை விழுந்தால் ஒரு சீறல் வருமே, அந்த மாதிரி என்றேன். டாக்டர் உங்கள் குழாயை எங்கே கண்டார், சில்வண்டு மாதிரி என்று சொல்லுங்கள் என்றாள். சில்வண்டு நடுவில் மூச்சு விடும், இது விடுவதில்லை என்றேன். எப்போதிலிருந்து என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் காதுகுத்து நடந்த நாளிலிருந்து என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. எப்படிப் புரியும், நாம் அதை எந்தக் காலத்தில் வீட்டில் சொன்னோம்? அதனால் முதல் தடவையாகச் சொன்னேன். புதிதாகச் சேர்ந்தவன் ஒரு நாள் மத்தியானம் வந்து, காதில் ஙொய் என்கிறது அண்ணே என்பான். உடனே லைன் முழுக்க, இவனுக்குக் காதுகுத்து ஆகிவிட்டது என்று கூப்பாடு போடும். லைனில் அவனுக்கு மூத்தவன் யாரோ அவன்தான் தாய்மாமன். மடியில் உட்கார வைத்துக்கொள்கிற மாதிரி பாவனை செய்துவிட்டு, எல்லாருக்கும் டீயும் பன்னும் அவன் வாங்க வேண்டும். காது பாட ஆரம்பித்துவிட்டது, இனி இவன் வேலையை விட்டு ஓட மாட்டான் என்று அர்த்தம். எனக்குத் தாய்மாமன் நீதான். கம்பெனி கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் என்னைப் பெஞ்சில் உட்கார வைத்து, காது மடலைக் கிள்ளி, பன்னை வாயில் திணித்தாய். தாய்மாமனாக டீ வாங்கிக் கொடுத்தவன், அப்புறம் என் தங்கச்சியைக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளையாக வந்தாய்.

இன்னொன்றும் சொன்னேன். ஆரஞ்சு நிறத்தில் காதடைப்பு கொடுப்பார்கள், நாங்கள் ஒரு காதுக்கு மட்டும்தான் போட்டுக்கொள்வோம் என்று. மிஷின் பக்கத்துக் காதை யாரும் அடைப்பதில்லை. ரெண்டு தகடு ஒட்டிக்கொண்டு உள்ளே போனால் அடி விழுகிற சத்தம் மாறும், அது கேட்டால்தான் கையை இழுக்க முடியும், டை, அதாவது தகட்டை அடிக்கிற அச்சு, உடையாமல் நிறுத்த முடியும். சேஃப்டிக்காரர் வந்தால் ரெண்டு காதிலும், அவர் முதுகு திரும்பினால் ஒரு காதில். நானும் முனிராஜும் முன்னும் பின்னுமாக நின்றோம், ரெண்டு பேருக்கும் பிரஸ் இடது கைப் பக்கம் என்றேன்.

நான் இதைச் சிரித்துக்கொண்டே சொல்லி முடித்தபோது மஞ்சுளா கதவருகே நின்றிருந்தாள்.

மஞ்சுளாவைப் பற்றி உனக்கு என்னவென்று எழுதுவது? நீ போனபின் அவளை நாங்கள்தான் எங்களோடு அழைத்து வந்தோம். உன் மகள் கிருஷ்ணகிரியில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறாள், நன்றாகவே படிக்கிறாள். வருஷத் திதி கொடுத்தாயிற்று. உன் தங்கச்சி வாய் கெலமங்கலம் வரைக்கும் கேட்கும் என்று என்னைக் கேலி செய்வாயே, அவள் இப்போது பக்கத்தில் இருப்பவர்களுக்கே கேட்காத மாதிரி பேசுகிறாள். எனக்கோ அந்தக் குரல் சுத்தமாகக் கேட்பதில்லை. அவள் உதட்டைப் பார்த்து, மிஷின் சத்தத்தில் லைனில் பேசிக்கொள்வது போலப் புரிந்துகொள்கிறேன். ஆம்பளைக் குரல் எப்படியோ வந்து சேர்ந்துவிடுகிறது. பொம்பளைக் குரலும் குழந்தைக் குரலும்தான் முதலில் போகிறது.

அவள் கிட்டே வந்து கேட்டாள். "அவருக்கும் இருந்துச்சாணா?"

இருந்தது என்றேன். என்னைவிட நாலைந்து வருஷம் முன்னாலேயே, என்னைவிட அதிகமாக.

"எந்தக் காது?"

இடது காது என்றேன்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். செல்வி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். அப்போது மஞ்சுளா சொன்னதை நான் உதட்டில்தான் படித்தேன். பிறகு செல்வியைக் கேட்டு உறுதி செய்துகொண்டேன். "நான் இடது பக்கமிருந்துதான் கூப்பிட்டேன்" என்றாள்.

மாப்ள, உன் சாவைப் பற்றி ஊர் பேசியது உனக்குத் தெரியாது, நான் சொல்லியாக வேண்டும். அன்று காலை சர்வீஸ் ரோட்டைத் தாண்டும்போது ராங் சைடில் வந்த லாரி உன்னை அடித்தது. லாரிக்காரன் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டுதான் வந்தான் என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அவ்வளவு ஹாரனுக்கும் ஒரு மனுஷன் திரும்பாமல் போவானா? போதை என்றார்கள் சிலர், காலை ஷிஃப்டுக்குப் போகிறவனைப் பார்த்து. வீட்டில் சண்டை, வேண்டுமென்றே போய் நின்றான் என்றார்கள் சிலர். அப்படிப் பேசியவர்களும் படிக்கட்டும் என்றுதான் இந்தக் கடிதத்தை எல்லாருக்கும் தெரிய எழுதுகிறேன்.

சண்டை நடந்தது உண்மை. அதுவும் இதே காதால்தான் என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது. அவள் பேசினால் நீ பதில் சொல்வதில்லையாம். டிவியை மட்டும் தெருவுக்கே கேட்கிற மாதிரி வைப்பாயாம். நான் வந்தால் மட்டும் மணிக்கணக்காகப் பேசுவாயாம். அண்ணன் பேச்சு மட்டும் காதில் ஏறுகிறது, என் பேச்சு ஏறாதா என்று வருஷக்கணக்காக அவளுக்கு ஆத்திரம். அன்று காலை, இனிமேல் உங்களோடு பேசவே மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். நீ பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாய். அதுவாவது உன் காதில் விழுந்ததா?

நீ டிபன் பாக்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனாய். புளிசாதமும் அவரைக்காய்ப் பொரியலும். அதைப் பார்த்ததும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. அதை எடுத்துக்கொண்டு உன் பின்னாலேயே ஓடிவந்திருக்கிறாள். பஞ்சர் கடை முக்கில் நின்று உன்னைக் கூப்பிட்டிருக்கிறாள். நீ திரும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டிருக்கிறாள். நீ ரோட்டில் இறங்கினாய்.

இத்தனை நாளும் இதை அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை. நீ கேட்டுவிட்டுத்தான் திரும்பவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். தன் மேல் இருந்த கோபத்தில் தன் குரலுக்கு முகம் கொடுக்காமல், ஹாரனுக்கும் முகம் கொடுக்காமல் போனார் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அதை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் எங்கள் வீட்டில் துணி மடித்தாள், கோலம் போட்டாள், திதிக்குச் சமைத்தாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கேட்கிற காது இருந்திருந்தால் தெரிந்திருக்குமோ என்னவோ.

அப்புறம் அவள் கேட்டதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. எவ்வளவு தூரம் கேட்கிறது என்று கிளினிக்கில் யோசித்து வரச் சொல்லியிருக்கிறார்கள் அல்லவா, அதை அங்கே போய்ப் பார்க்கலாம் என்றாள். "உன் காதும் அவரு காதும் ஒரே மிஷின்கிட்ட நின்ன காதுதானணா. நீ அவரு நின்ன எடத்துல நில்லு. நான் கூப்பிடுறேன்."

செல்வி வேண்டாம் என்றாள். நான் சரி என்றேன். மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுவிட்டுத்தான் சரி என்றேன். கேட்டாலும் கேட்கவில்லை என்று சொல்லிவிடலாம். அவளுக்கு ஒரு நிம்மதி கிடைக்கட்டும், பொய்க்கு எனக்குப் பாவம் வந்தால் வரட்டும்.

நேற்றுக் காலை போனோம். நீ போன பிறகு அவள் அந்தப் பக்கம் கால் வைத்ததே இல்லை, கோயிலுக்குக் கூடச் சுற்றிக்கொண்டுதான் போவாள். ஞாயிற்றுக்கிழமையானாலும் லாரிகளுக்கு ஏது ஓய்வு? பெங்களூர் பக்கம் போகிறவையும் கிருஷ்ணகிரி பக்கம் போகிறவையுமாக மேலே ஹைவேயில் ஓடிக்கொண்டே இருந்தன. அவள் பஞ்சர் கடை முக்கில் நின்றாள், செல்வி பக்கத்தில் நின்றாள். நான் ரோட்டு ஓரத்துக்குப் போய், அவர்கள் என் இடது பக்கம் பின்னால் இருக்கும்படி முதுகைக் காட்டி, நீ நின்ற இடத்தில் நின்றேன்.

நின்றேன், நின்றுகொண்டே இருந்தேன். லாரிகளின் இரைச்சல் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்தது. அதற்கு மேலே என் சீறல். பின்னால் ஒரு அரவமும் இல்லை. பாவம், இந்த இடத்துக்கு வந்ததும் தைரியம் போயிருக்கும், கூப்பிட வாய் வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். எத்தனை நேரம்தான் வெயிலில் நிற்பது? எனக்கு என் சுபாவப்படி எரிச்சல் வந்தது. கூப்பிடுவதென்றால் கூப்பிடு, இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்வதற்காகத் திரும்பினேன்.

பஞ்சர் கடைக்காரர் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். மஞ்சுளா ரெண்டு கையையும் வாயருகே குவித்தபடி நின்றிருந்தாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது, முகமெல்லாம் கண்ணீர். அவள் அதுவரைக்கும் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறாள்.

நான் பொய் சொல்லத் தயாராகப் போனேன், மாப்ள. பொய்க்கு வேலையே வரவில்லை.

கேட்டுச்சா என்று அவள் உதடு கேட்டது. இல்லை என்று தலையாட்டினேன். அங்கேயே ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டாள். நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவளுக்காக உட்கார்ந்தேனா, என் காது இவ்வளவு தூரம் போய்விட்டதே என்று உட்கார்ந்தேனா, தெரியவில்லை. ரெண்டும்தான்.

வீட்டுக்கு வரும் வழியில், "அப்ப அவரு எம்மேல கோவமா போவல" என்றாள். என் முகத்தைப் பார்த்து, எனக்குப் புரியும்படி நிறுத்திச் சொன்னாள். நேற்று மத்தியானம் ரொம்ப நாளைக்குப் பிறகு ரெண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டாள். எங்கள் வீட்டில் நேற்று ஒரு நாள் சாயங்காலம் வரைக்கும் நன்றாக இருந்தது. அதையும் உனக்கு எழுத வேண்டும் அல்லவா.

இன்றைக்கு வேலையிலிருந்து வந்ததும், செல்வி எனக்கு நாளைக்குப் போட்டுக்கொள்ளச் சட்டையை எடுத்து வைத்திருந்தாள். மஞ்சுளா அதற்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். தானும் டாக்டரிடம் வருவதாகச் சொன்னாள். என்னுடைய காதைப் பார்த்துவிட்டு, இவருக்குக் கேட்கவில்லை என்றால் அவருக்கும் கேட்டிருக்காதுதானே என்று டாக்டர் வாயால் ஒரு தடவை கேட்டுவிட வேண்டுமாம். ஒவ்வொருவர் காதும் ஒவ்வொரு மாதிரி, பார்க்காத காதைப் பற்றி நான் எப்படிச் சொல்வது என்றுதான் எந்த டாக்டரும் சொல்வார். எனக்கே தெரிகிறது, அவளுக்குத் தெரியாதா?

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவளாகவே இன்னொன்று சொன்னாள். "ஆனா நான் கூப்பிட்டதும் தெரியாமதான போனாருணா. பேசமாட்டேன்னு சொன்னேனே, அதத்தான கட்டிக்கிட்டுப் போனாரு."

இதற்கு என்ன பதில் சொல்வாய்? நீ கேட்டிருந்தால், கேட்டும் திரும்பாமல் போனாய். கேட்கவில்லை என்றால், அவள் உன்னோடு பேச வந்தது தெரியாமலேயே போனாய். எந்தப் பக்கம் போனாலும் அவளுக்கு முட்டுச்சந்துதான். நானே ஆசையோடு கூட்டிக்கொண்டு போய் ஒரு கதவைத் திறந்தேன், அதற்குப் பின்னால் இன்னொரு சுவர். மருந்து எழுதுகிற டாக்டர் யாரிடமும் இதற்கு மருந்து இல்லை.

என் விஷயமும் அப்படித்தான். நாளைக்கு இந்த இரைச்சல் போய்விடும் என்று நான் நம்பவில்லை. மிஷின் வைத்துப் பார்த்து, காது போய்விட்டது என்று தாளில் எழுதிக் கொடுத்தால், கம்பெனியில் என்னைப் பிரஸ் பக்கமிருந்து எடுத்து பேக்கிங்கில் போடுவார்கள், அல்லது வீட்டில் இருக்கச் சொல்வார்கள். அதை நினைத்துப் பயப்படக்கூட இப்போது தெம்பு இல்லை. போன வாரம் லைனில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்களில் ஒருத்திக்குக் காது இரைந்ததாம். காதுகுத்து என்று கத்திக்கொண்டு டீ வாங்கக் கிளம்பினார்கள். நான் குறுக்கே போய், டீயும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம், ரெண்டு காதையும் அடைத்துக்கொள் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அண்ணனுக்கு வயசாகிவிட்டது என்று சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தாள். சாயங்காலம் பார்க்கிறேன், ஒரு காதில்தான் அடைப்பு.

இதையெல்லாம் உன்னிடம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை என்று தெரியும். ஆனாலும் ஒன்றே ஒன்று சொல்வதற்காகத்தான் இவ்வளவையும் எழுதினேன்.

நேற்று மஞ்சுளா என்னை என்னவென்று கூப்பிட்டாள் என்று செல்வியிடம் கேட்டேன். அண்ணா என்றுதான் கூப்பிட்டிருப்பாள் என்று நினைத்தேன். செல்வி என் முகத்துக்கு நேரே வந்து நின்று சொன்னாள். ஒரு தடவைகூட அண்ணா என்று கூப்பிடவில்லையாம். அன்றைக்கு உன்னைக் கூப்பிட்ட அதே வார்த்தையைத்தான், தொண்டை கட்டுகிற வரைக்கும், திரும்பத் திரும்பக் கூப்பிட்டாளாம். உனக்கும் கேட்கவில்லை, எனக்கும் கேட்கவில்லை. கேட்ட ஒருத்தி சொல்லி எனக்குத் தெரிந்ததை நான் உனக்குச் சொல்கிறேன். கேட்டுக்கொள், மாப்ள.

"ஏங்க, சாப்பாட்ட வெச்சிட்டுப் போறீங்க."

இதுதான் அவள் உன்னிடம் கடைசியாகப் பேசியது. பேசமாட்டேன் என்றது அல்ல.

நாளைக்கு டாக்டர் என்ன சொன்னாலும் சரி, உன் திதிக்குத் திதி உன் படத்தின் முன்னால் நின்று இதைச் சத்தமாகச் சொல்வேன். இடது பக்கம் நின்று அல்ல, நேருக்கு நேர் நின்று, உதடு தெரியும்படி, நம் லைனில் பேசிக்கொள்வோமே அப்படி. இது என் சத்தியம்.

உன் பெண்டாட்டியின் அண்ணன்,
நீ காதுகுத்தி வைத்த உன் மச்சான்
கோவிந்தன்